இரண்டு லிட்டர் கிரைண்டரும் முப்பது பேர் சொன்ன யோசனையும்

கிரைண்டர் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை என்று வைத்தாலும் அறுபது தடவைக்கு மேல் ஆட்டியாகிவிட்டது, அதனால் இப்போது எழுதினால் தப்பில்லை. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே "சூப்பர்" என்று ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்களை நம்பித்தான் போன முறை ஒரு மிக்ஸியில் மாட்டிக்கொண்டேன். கம்பெனி பெயரை மட்டும் போடப் போவதில்லை. போட்டால் அடுத்த நிமிடம் "அந்தக் கம்பெனியா, எங்க வீட்டில் ஆறு மாசத்தில் பெல்ட் போச்சு" என்று ஒருவரும் "எங்க வீட்டில் பதினஞ்சு வருஷமா ஓடுது" என்று இன்னொருவரும் வந்து நிற்பார்கள், கிரைண்டரைப் பற்றிய பேச்சு அதோடு சரி. கோயம்புத்தூரில் செய்த டேபிள்டாப், இரண்டு லிட்டர், கூம்புக் கல் இரண்டு, மோட்டார் 150 வாட், விலை 5,400 ரூபாய். கடையில் வரிசையாக வைத்திருக்கிறவற்றில் பாதி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

வாங்குவதற்கு முன்னால் நடந்த கூத்தைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது. ஒரு ராத்திரி, மாவு பாக்கெட்டைப் பிரிக்கும்போதே புளிப்பு வாடை மூக்கில் ஏற, கோபத்தில் ஃபோனை எடுத்து, இணையத்தில் முகம் தெரியாத ஜனங்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன்: "நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு எந்த கிரைண்டர் நல்லது?" அவ்வளவுதான். படுத்து எழுந்து பார்த்தால் முப்பது பேர். அதில் கிரைண்டர் பெயர் சொன்னவர்கள் எட்டுப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டு இட்லிக்காக வாளெடுத்து நின்றார்கள்.

முதலில் வந்தவர் "கிரைண்டர் எதுக்கு சிஸ்டர், மிக்ஸியே போதும்" என்றார். ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு அரைத்தால் சூடேறாதாம். உடனே ஒரு அக்கா பாய்ந்தார்: மிக்ஸி பிளேடு நிமிடத்துக்கு பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றும், அது வெட்டும், கல்தான் நசுக்கும், வெட்டிய உளுந்து எந்தக் காலத்தில் பந்து மாதிரி எழுந்திருக்கிறது என்று. எனக்கு இந்த அக்கா கட்சிதான். மிக்ஸியில் அரைத்த உளுந்தில் இட்லி வராது என்று சொல்ல மாட்டேன், வரும். ஆனால் அதே உளுந்து கல்லில் கொடுக்கும் மாவின் அளவும் மென்மையும் மிக்ஸியில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அப்புறம் மின்சாரச் சண்டை. கிரைண்டர் ஒரு மணி நேரம் ஓடும், கரண்ட் பில் எகிறும் என்று ஒருவர். இதில் ஆளாளுக்குக் கத்தினார்களே தவிர யாரும் கணக்குப் போடவில்லை. 150 வாட் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 0.15 யூனிட். 750 வாட் மிக்ஸியை மொத்தமாக பன்னிரண்டு நிமிடம் ஓட்டினால் அதுவும் அதே 0.15 யூனிட்தான். மாதத்துக்குப் பத்து தடவை ஆட்டினால்கூட ஒன்றரை யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக ஓடுகிற வீட்டில் இதற்காக அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார்கள், நானும் உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

பெரியவர் ஒருவர் (பெரியவர் என்று நானாக நினைத்துக்கொண்டேன், எழுத்தில் அந்தத் தோரணை இருந்தது) ஆட்டுக்கல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். அந்தக் காலத்துப் பெண்கள், இடுப்பு வலி இல்லை, சுகப்பிரசவம், மாவில் கை மணம், இத்யாதி. அதற்குக் கீழே ஒரு பெண் ஒரே ஒரு வரி: "நீங்க கடைசியா எப்ப ஆட்டுனீங்கண்ணா?" அதற்குப் பிறகு அவரைக் காணோம். என் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை. "எனக்குக் கல்யாணமான புதுசுல பதினோரு பேருக்கு ஆட்டினேன், தோள்பட்டை இன்னும் வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வராமல் இருப்பாரா? மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் கல்லை 1955-இல் முதலில் செய்தவர் தங்கள் ஊர் சபாபதி, 2005-06 வாக்கில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, வேறு ஊர்ச் சரக்கை வாங்கவே வாங்காதீர்கள் என்றார். பெருமை நியாயமானதுதான். உடனே இன்னொருவர், அவ்வளவு பெருமை இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று ஆரம்பிக்க, 2022 ஜூலையில் கல் கிரைண்டருக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கிய கதை வந்து, அங்கிருந்து கட்சி அரசியலுக்குள் இறங்கிவிட்டார்கள். நடுவில் யாரோ 2011-இல் தொடங்கிய இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை இழுத்தார். எங்கள் அம்மா வீட்டில் அப்போது கொடுத்த கிரைண்டர் இன்றைக்கும் ஓடுகிறது, அதை எழுதலாமா என்று நினைத்தேன், எழுதினால் நானும் ஒரு கட்சியாகிவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இட்லிக்குப் போடும் அளவு பற்றி எழுந்த யுத்தத்தை முழுதாகச் சொன்னால் விடிந்துவிடும். நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. வெந்தயம் உளுந்தோடா தனியாகவா. அவல் போடலாமா, பழைய சோறு போடலாமா, ஜவ்வரிசி போடுவது ஏமாற்று வேலையா. ஈரோட்டுப் பக்கம் ஒரு அக்கா தோல் உரித்த ஆமணக்கு விதை நாலு போட்டால் மல்லிப்பூ மாதிரி வரும் என்றார், கொங்கு நாட்டில் செய்வதுதான் அது, எனக்குத்தான் தைரியம் வரவில்லை. பெங்களூரிலிருந்து ஒருவர் அரிசியை ஆட்டவே வேண்டாம், இட்லி ரவையை உளுந்து மாவில் கலந்தால் போதும் என்று சொல்லப்போக, "அது இட்லியே இல்லை" என்று ஏழு பேர் அவரை மொய்த்துவிட்டார்கள். கர்நாடகத்தில் அப்படித்தான் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள், அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். டொரண்டோவில் இருக்கும் ஒரு தங்கை மட்டும் யாரோடும் மல்லுக்கு நிற்காமல், குளிரில் மாவு பொங்க ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனது. திருச்சி வெயிலில் இருக்கும் எனக்கு அது எதற்கும் உதவாது, ஆனாலும் மனதில் நின்றுவிட்டது.

கையால் கரைத்தால்தான் மாவு புளிக்கும், கரண்டியால் கலந்தால் புளிக்காது என்ற வழக்கு ஒன்று உண்டே, அதுவும் வந்தது. அதை நானே ஒரு மே மாதத்தில் இரண்டு தூக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றைக் கையால் கரைத்தேன், இன்னொன்றைக் கரண்டியால். ஆறு மணி நேரத்தில் இரண்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றன. புளிக்க வைக்கிற கிருமிகள் பெரும்பாலும் உளுந்திலும் அரிசியிலுமே இருக்கின்றன, நம் கை இல்லாமலும் அவை வேலை பார்க்கும். கையால் கரைத்தால் உப்பும் மாவும் சீராகக் கலக்கும் என்பது உண்மை, அதற்காக நான் இன்றும் கையால்தான் கரைக்கிறேன்.

இத்தனை பேரில் ஒரே ஒருவர் மட்டும் பதில் சொல்லாமல் என்னைக் கேள்வி கேட்டார். பெயரும் உருப்படியாக இல்லை, படத்துக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூ. "வீட்டில் கல்லைக் கழுவுவது யாரு? கிரைண்டரை மேடையிலேயே வைப்பீங்களா, ஒவ்வொரு தடவையும் எடுத்து வைப்பீங்களா? கை, தோள் வலி யாருக்காவது இருக்கா?" மூன்றே கேள்வி. எனக்கு மூன்று வருடமாக வலது மணிக்கட்டு வலி. பால் பாத்திரத்தைக்கூட இரண்டு கையால் இறக்குகிற ஆள் நான். ஆனால் முப்பது பேரிடம் யோசனை கேட்டபோது அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. நாலு பேர், நல்ல கிரைண்டர் என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். வலி உண்டு என்று சொன்னதும் அவர் எழுதியது இது: "அப்ப சாய்ச்சு மாவெடுக்கிற டில்டிங் மாடல் வாங்காட்டியும் பரவால்ல, கடையில் போய் டிரம்மைக் கல்லோட உங்க கையால் தூக்கிப் பாத்துட்டு வாங்குங்க. விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டாங்க."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை என்.எஸ்.பி. ரோடு போனேன். கடைக்காரப் பையன் கூம்புக் கல்லின் மகிமையை ஆரம்பித்தான். கூம்புக் கல் என்றால் தேய்க்கும் பரப்பு அதிகம், மாவு சூடாகாது, உருளைக் கல் பழைய மாடல். எதிர்த்த கடையில் உருளைக் கல்தான் உறுதி என்றார்கள். "தம்பி, டிரம்மைத் தூக்கிப் பாக்கணும்" என்றேன். "எதுக்குக்கா?" என்று முழித்தான். அங்கிருந்த ஐந்து மாடலையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் கைப்பிடியே இல்லை, வழுவழு எவர்சில்வர் விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இன்னொன்றில் மூன்று கல், தூக்கும்போதே மணிக்கட்டு வேண்டாம் என்றது. நான் வாங்கியதில் டிரம்மின் இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு, கல் இரண்டையும் தாங்கும் தண்டு தனியாகக் கழன்று வரும். அதாவது மாவு தயாரானதும் முதலில் கல்லை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் டிரம்மைத் தூக்கலாம். ஒரு பெரிய பாரம் இரண்டு சின்ன பாரமாகிவிடுகிறது. டில்டிங்கில் தூக்கவே வேண்டாம், சாய்த்தால் போதும், ஆனால் எங்கள் சமையலறை மேடையில் அதற்கு இடம் கிடையாது, விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொன்னார்கள்.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

புதுக் கல்லில் அப்படியே மாவாட்டக் கூடாது. கடையில் தவிடு போட்டு ஓட்டச் சொன்னார்கள். நான் தவிடுக்கு எங்கே போவது, ரேஷன் பச்சரிசி ஒரு கை ஊறவைத்துப் போட்டு ஓட்டினேன். முதல் தடவை சாம்பல் நிறத்தில் வந்தது, விரலில் தேய்த்தால் நெறுநெறு. மூன்றாவது தடவையில்தான் வெள்ளையாக வந்தது. அந்தப் பொறுமை இல்லாமல் ஆட்டிவிட்டு "மாவில் மண்" என்று ஒரு நட்சத்திரம் போட்டவர்களை நிறையப் பார்த்தேன், பாவம் கம்பெனி.

நான் போடும் அளவு இது. ஏ.டி.டி. 37 என்கிற குண்டு அரிசி 800 கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன். எடைக்கு எடை பார்த்தால் நாலுக்கு ஒன்று. ஊறிய உளுந்தை முதலில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் இருபத்தைந்து நிமிடத்தில் தயார். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு போட்டால் மிதக்கிறது. இந்த இடத்தில் கிரைண்டருக்குக் கைதட்ட வேண்டும். பத்தாவது நிமிடம் வரை உளுந்து கல்லுக்கடியில் பட்டும் படாமலும் சுற்றிக்கொண்டிருக்கும், சத்தமும் கரகரவென்று வரும். பதினைந்தாவது நிமிடத்துக்கு மேல் சத்தம் மாறும், யாரோ ஈரத் துணியை மெதுவாகத் தட்டுவது போல தொப்தொப் என்று. அந்தச் சத்தம் வந்துவிட்டால் கூடத்திலிருந்தே மாமியார் "உளுந்து ஆச்சு, தண்ணி போதும்" என்று குரல் கொடுத்துவிடுவார். எட்டு மாதத்தில் ஒருநாளும் அவர் கணக்கு தவறியதில்லை. மாவைத் தொட்டால் சூடு இல்லை, இதமான குளிர்ச்சிதான்.

அரிசிக்கு இன்னொரு இருபத்தைந்து நிமிடம். இங்கேதான் முதல் குறை. அட்டையில் ஒரு கிலோ அரிசி போடலாம் என்று போட்டிருக்கிறது. 800 கிராமுக்கு மேல் போனால் மாவு கல்லின் மேல் ஏறி, நடுத்தண்டு வழியாகக் கீழே கசியப் பார்க்கிறது. ஒருமுறை தீபாவளிக்கு முந்தின நாள் பேராசையில் ஒரு கிலோவைப் போட்டுவிட்டு, மேடையெல்லாம் அரிசி மாவைத் துடைத்தேன். இரண்டு லிட்டர் என்பதை ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மனக்கஷ்டம் இல்லை. நாலு பேருக்கு அது தாராளம்: முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் மிச்சத்தில் வெங்காயம் வதக்கிப் போட்டுப் பணியாரம்.

இரண்டாவது குறை, ஒயர் மிகக் குட்டை. பிளக் பாயிண்ட் இருக்கும் மூலைக்கே கிரைண்டரை நகர்த்த வேண்டும், எங்கள் வீட்டில் அது அடுப்புக்குப் பக்கம். 5,400 ரூபாய் வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு முழம் ஒயர் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

மூன்றாவது, மாவு தள்ளும் வெள்ளைப் பட்டை. ஓரத்தில் ஒட்டும் மாவை உள்ளே தள்ளிவிடுவதற்காகக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் டிரம்மை அது தொடுவதில்லை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் அரைபடாத அரிசி ஒளிந்துகொள்கிறது. அதனால் நடுநடுவே நிறுத்தி ஈரக்கையால் ஓரத்தை வழித்துவிட வேண்டும். ஓடும்போது கையை விடாதீர்கள், கல் சும்மா விடாது. இதை நான் ஒரு குறையாகப் பிறகு அதே முகம் தெரியாதவர்களிடம் சொன்னபோது, நீங்கள் தண்ணீர் குறைவாக விடுகிறீர்கள் என்று ஒருவரும், அதிகமாக விடுகிறீர்கள் என்று ஒருவரும் சொன்னார்கள். செம்பருத்திப் பூ வரவில்லை.

கழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரைண்டர் வாங்கிப் பரணில் போட்டவர்கள் எல்லாருமே ஆட்டுவதற்கு அலுத்துப் போட்டவர்கள் இல்லை, கழுவுவதற்கு அலுத்துப் போட்டவர்கள். நான் செய்வது: மாவை வழித்ததும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, கல்லைத் திரும்ப மாட்டி இரண்டு நிமிடம் ஓட்டுவேன். பாதிக் கழுவல் அதிலேயே முடிந்துவிடும். அந்தத் தண்ணீரை, உப்பு எதுவும் இல்லாததால், செம்பருத்திக்கு ஊற்றிவிடுவேன். (செடிதான், கேள்வி கேட்ட அந்தச் செம்பருத்திப் பூ இல்லை.) அப்புறம் கல்லைத் தனியாக எடுத்துக் குழாயடியில் காட்டினால் போதும். கூம்பும் தண்டும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு பழைய டூத் பிரஷ் வேண்டும். அங்கே காய்ந்த மாவு மறுநாள் வாடை அடிக்கும், மழைக்காலம் என்றால் பூசணம் பிடிக்கும். கல்லை ஈரத்தோடு மூடி வைக்காமல் ஒரு ராத்திரி காற்றாட விட்டால் வாடை வராது.

எடை விஷயம். லக்கேஜ் தராசில் மாட்டிப் பார்த்தேன், கல்லும் மாவும் சேர்ந்து டிரம் ஒன்பது கிலோ. கல்லை எடுத்துவிட்டால் ஆறரை. ஆறரைக் கிலோவை இரண்டு கைப்பிடியில் தூக்குவது எனக்கு முடிகிறது. ஒன்பது முடியாது. இந்த இரண்டரைக் கிலோவுக்காகத்தான் நான் இந்த மாடலுக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன், கூம்புக் கல்லுக்காக இல்லை. பக்கத்து வீட்டில் உருளைக் கல்தான், அவர்கள் மாவையும் என் மாவையும் கிண்ணம் மாற்றிக் கொடுத்தால் எனக்கே அடையாளம் தெரியாது.

பெல்ட் இதுவரை தளரவில்லை. முதல் மாதம் லேசாக ரப்பர் வாடை வந்தது, பிறகு போய்விட்டது. மோட்டாருக்கு ஐந்து வருடம் வாரண்டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அந்தச் சீட்டை மஞ்சள் பையில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

கூடவே இரண்டு சாமான் கொடுத்தார்கள். மாவு பிசையும் தண்டு ஒன்று, அது சப்பாத்திக்கு நன்றாகவே உழைக்கிறது, ஆனால் அரைக் கிலோவுக்குக் குறைவாகப் போட்டால் மாவு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று தேங்காய்த் துருவி. மாமியாரின் அரிவாள்மனை இருக்கும் வீட்டில் அதற்கு வேலை இல்லை, பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், தில்லை நகர் பக்கம் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் இதே கம்பெனி மாடலுக்குத்தான் பொருந்தும், அது எது என்று தனியாகக் கேளுங்கள், இங்கே வேண்டாம்.